சிரிக்காத முகம்

அசடு என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒன்றை நாள் கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறவன், அதற்கு ஏதாவது நியாயம் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் ஏ.பி.சி. டெலிவிஷனில் 1966 ஜனவரி முதல் 1968 மார்ச் வரை வந்த ‘பேட்மேன்’ தொடரைச் சொல்கிறேன். மொத்தம் 120 அத்தியாயங்கள். கம்பெனிகளுக்குள் இருந்த உரிமைச் சிக்கல்களால் 2014 நவம்பரில்தான் அது முழுசாகத் தட்டுகளில் வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தாமதம்.

தட்டில் பார்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு. அந்த நாளில் புதன்கிழமை ராத்திரி கதாநாயகர்களை ஏதாவதொரு ராட்சச யந்திரத்தில் கட்டிப் போட்டுவிட்டு, தயாரிப்பாளர் வில்லியம் டோசியரே பின்னணியில் பதறுவார். வியாழக்கிழமை வரை பையன்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இப்போது பொத்தானை அமுக்கினால் வியாழன் வந்துவிடுகிறது. நாலைந்து அத்தியாயங்களைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் எலும்புக்கூடு தெரிந்துபோகிறது. அதே சிவப்பு டெலிபோன், அதே கம்பத்தில் சறுக்கல், குகையிலிருந்து கார் சீறி வரும் அதே படத்துண்டு. கட்டிடச் சுவரில் கயிற்றைப் பிடித்து ஏறுவதாகக் காட்டுவது, தரையில் படுக்கவைத்த சுவர்மேல் குனிந்து நடப்பதுதான். காமிராவைச் சாய்த்திருக்கிறார்கள், அவ்வளவே. ஜோக்கராக வரும் ஸீஸர் ரொமேரோ மீசையை எடுக்க மறுத்துவிட்டாராம்; அதன்மேலேயே வெள்ளைப் பூச்சு. பழைய பெட்டியில் மறைந்திருந்த அந்த மீசை, புதுத் தட்டில் மயிர் மயிராகத் தெரிகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அலுக்கவில்லை. காரணம் ஆடம் வெஸ்ட்.

1964-இல் ஸூஸன் ஸாண்டாக் எழுதிய பிரசித்தமான கட்டுரை ஒன்று உண்டு. மிகையும் போலியுமான கலையை ரஸிப்பது பற்றியது. தன் அசட்டுத்தனம் தனக்கே தெரியாமல் இருப்பதுதான் அதில் உசத்தி. தெரிந்தே செய்தால் ஒரு படி மட்டம் என்பது அவர் கட்சி. அந்தத் தராசில் ‘பேட்மேன்’ தேறாது. எழுதியவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். குழந்தைகள் நிஜமென்று நம்பட்டும், பெரியவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

ஆனால் வெஸ்ட் அந்தக் கணக்கில் சேராமல் நிற்கிறார். முதல் கதையில் ஒரு நடன விடுதிக்குப் போகிறார். ராபின் வயதுக்கு வராதவன். ஆகவே சட்டப்படி வெளியே காரில் உட்காரவேண்டும். முகமூடியும் போர்வையுமாக உள்ளே நுழைந்தவர், தன்மேல் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதே என்று கூச்சப்பட்டு, ஆரஞ்சுச் சாறு கேட்கிறார். இதை இன்னொரு நடிகர் செய்திருந்தால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்திருக்கும். வெஸ்ட் முகத்தில் சலனமில்லை. வாக்கியத்தின் நடுவே யோசித்து நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் தர்மசாஸ்திரம் போல் உச்சரிக்கிறார்.

1966-இல் வந்த சினிமாவில் திரி எரியும் வெடிகுண்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு துறைமுகம் முழுக்க ஓடுகிறார். எறிய இடமில்லை. இந்தப் பக்கம் கன்னிகாஸ்திரீகள், அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் குழந்தை, படகில் காதலர்கள். கடைசியில் காலியான தண்ணீர் கிடைத்தது என்று பார்த்தால் அங்கே வாத்துக் குஞ்சுகள்! அவற்றின்மேலும் எறியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு ஒன்று உறைத்தது. இந்த மனிதன் வாத்தைக்கூட மனிதருக்குச் சமமாக எண்ணிவிட்டான். பின்னால் வந்த பேட்மேன் படங்களில் இருட்டும் கோபமும் நிறைய. பாதி நகரம் நொறுங்குகிறது, நின்று வாத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அவற்றைத்தான் ‘பெரியவர்களுக்கானவை’ என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை.

மூன்றாம் வருஷம் தொடர் நொடித்துப்போயிற்று. வாரத்துக்கு ஒன்றாகச் சுருங்கி, அரங்கம்கூட இல்லாமல் கறுப்புப் பின்னணியில் நாலு சாமான்களை வைத்துச் சமாளித்தார்கள். இந்தத் தரித்திரத்தினிடையே பூனைக்காரியாக எர்தா கிட் வந்தார். குரலே நகம் வைத்ததுபோல் இருக்கிறது. முன்பு ஜூலி நியூமார் நடித்தபோது பேட்மேனுக்கும் அவளுக்கும் அரும்பியிருந்த மையல், கறுப்பினத்துப் பெண் அந்த வேஷத்தைப் போட்டதும் மாயமாய் மறைந்துவிட்டது. எதையும் கேலி செய்யத் துணிந்தவர்கள் அந்த ஒன்றைத் தொடவில்லை. தொடரில் எனக்குக் கசந்த இடம் இதுதான். மீசைமேல் பூசிய வெள்ளையை மன்னிக்கலாம், இதை முடியவில்லை.

1968 மார்ச் 14-இல் வந்த கடைசி அத்தியாயத்தில் டோசியரே திரையில் தலைகாட்டிச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார். எல்லாரும் தங்கள் வேடிக்கையைத் தாங்களே ரஸிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெஸ்ட் மட்டும் முதல் நாள் நின்ற அதே நிலையில், இடுப்பில் கை வைத்து, நகரத்தைப் பற்றிய கவலையோடு நிற்கிறார்.