நின்ற குருதி: கண்ணப்பர் புராணத்தில் பலியும் மருந்தும்

குருதி தெய்வத்துக்குரிய உணவு என்னும் கருத்து தமிழிலக்கியத்தில் மிகப் பழமையானது. சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர் தம் கழுத்துக் குருதியைக் கொற்றவைக்குக் கடனாகச் செலுத்துகின்றனர். கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலில் வீரர் தம் தலையையே அரிந்து வைக்கின்றனர். கண்ணப்ப நாயனார் வரலாற்றையும் இந்த வரிசையில் வைத்துப் படிப்பது மேலைநாட்டு ஆய்வில் ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. டேவிட் ஷுல்மன் 1980இல் வெளியிட்ட தமிழ்த் தலபுராண ஆய்வு, பலியைத் தமிழ்ச் சைவத்தின் அடித்தளத்தில் கண்டது. டென்னிஸ் ஹட்சன் 1989இல் வெளியிட்ட கட்டுரையோ நாயன்மாரின் பக்திக்கு ‘வன்முறை’, ‘வெறி’ எனப் பொருள்தரும் இரண்டு அடைகளைத் தலைப்பிலேயே சூட்டியது. இலண்டனில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ் மாணவர் பலர் பெரியபுராணத்தை இத்தகைய ஆங்கில நூல்களின் வழியாகவே முதலில் அறிகின்றனர். இது தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளும் நோய் அன்றோ என்பது அவர்களின் முதற் கேள்வி. அதைத் தட்டிக் கழிப்பது முறையாகாது. விடை சேக்கிழாரின் சொற்களில் இருக்கிறது என்பது என் கருத்து.

நிகழ்ச்சியின் வரிசையை நினைவுகூர்வோம். ஆறாம் நாள் திண்ணனார் ஊனும் மலரும் நீருமாகக் காளத்தி மலையேறி வருகிறார். இறைவனின் வலக்கண்ணிலிருந்து குருதி இழிகிறது. சிவகோசரியார் மறைந்திருந்து பார்க்கிறார். திண்ணனார் பதறி விழுந்து எழுந்ததும் அம்பைத் தெரிந்துகொண்டு பகைவரைத் தேடுகிறார். மனிதரோ விலங்கோ எவரும் அகப்படவில்லை. அடுத்து, வேடர் அறிந்த பச்சிலைகளைக் கொணர்ந்து பிழிந்து வார்க்கிறார், குருதி நிற்கவில்லை. அப்போதுதான் ஊனின் நோய்க்கு ஊனே மருந்து என்னும் பழமொழி அவர் நினைவுக்கு வருகிறது. தாக்கியவரைத் தேடல், பச்சிலை, பின் உறுப்பு என்னும் இவ்வரிசையில் வழிபாட்டு முறை எதுவும் இல்லை. காயம்பட்டவனுக்கு அருகில் நிற்கும் எவரும் செய்யும் காரியங்களே இவை. சேக்கிழார் இவ்விடத்தில் ஆளும் சொற்களும் நோய், புண்ணீர், மருந்து என மருத்துவம் சார்ந்தே அமைகின்றன. கண்ணைப் பறித்து வைத்த செயலுக்கு அவர் தேர்ந்த வினை ‘அப்புதல்’. அது சந்தனத்துக்கும் பச்சிலைக்கும் உரிய சொல். பறித்த பாடல்களில் ‘பலி’ என்ற சொல் இல்லை.

இதைவிட முக்கியமானது ஒரு மௌனம். கண்ணை அம்பினால் எடுக்கும் பாடலில் திண்ணனாரின் சொந்தக் குருதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அச்சுப்படங்கள் அவர் கன்னத்தில் செஞ்சாயத்தை ஒழுகவிடுகின்றன. காப்பியம் அதைக் காணவே மறுக்கிறது. அடுத்த பாடல் தொடங்குவது இறைவன் கண்ணில் குருதி நின்றதைத் திண்ணனார் காண்பதிலிருந்து. அவர் துள்ளுகிறார், தோளைக் கொட்டுகிறார், கூத்தாடுகிறார். வேட்டுவ வரியிலும் பரணியிலும் குருதி சொரிவதே வழிபாட்டின் நிறைவு. இங்கே அது நிற்பதில்தான் களிப்பு.

சேக்கிழார் பலியை அறியாதவர் அல்லர். இதே புராணத்தின் முற்பகுதியில் நாகனும் தத்தையும் மகப்பேற்றுக்காக முருகன் கோயிலில் சேவலும் மயிலும் விடுகின்றனர். முதல் வேட்டைக்குமுன் தேவராட்டியைக் கொண்டு காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டுகின்றனர். உடுப்பூரில் அச்சொல்லைத் தயக்கமின்றி ஆண்டவர் காளத்தியில் அதைத் தவிர்ப்பதைத் தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை.

ஷுல்மனின் சட்டகம் பொருந்தும் இடங்களும் உண்டு. திருமுல்லைவாயில் தலவரலாற்றில் தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்குகிறது. அவன் வாளால் கொடியை வெட்ட, மறைந்திருந்த இலிங்கத்தில் குருதி பீறிடுகிறது. அவன் தன் தலையை அரிய முற்படுகிறான். குருதிக்கு ஈடாக உயிரைத் தரும் கழுவாய் அது. காளத்தியில் காயப்படுத்தியவன் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை, ஈடுசெய்யத் தேவையும் இல்லை. இறைவனுக்குக் குருதி வடிகிறது என்பதுதவிர வேறெந்தக் காரணமும் திண்ணனாருக்கு வேண்டியிருக்கவில்லை.

இடக்கண்ணில் குருதி பொங்கும்போது அவர் அஞ்சவில்லை. மருந்து கைகண்டுவிட்டேன், இன்னும் ஒரு கண் இருக்கிறது என்கிறார். தம் கண்ணை மருந்தென்று அவரே பெயரிடும் இடம் இது. இலிங்கத்தின்மேல் கால் வைத்த செயலை, சடங்கை மீறும் அன்பின் உச்சம் என்று உரையாசிரியரும் சொற்பொழிவாளரும் விரிப்பர். விரிக்கட்டும். பார்வை முற்றும் போனபின் புண் எங்கே என்று அறிய அவருக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது என்பதே பாடல் தரும் காரணம்.

இன்று மேடைகளில் வேறொரு விளக்கம் வளர்கிறது: கண்ணப்பரே முதற் கண்தானம் செய்தவர் என்பது. பலி என்னும் விளக்கத்தைக் காட்டிலும் இது மூலத்துக்கு அண்மையது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இலண்டன் பொருளியற் கல்லூரியின் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் வெளியிட்ட நூலில் பிரித்தானியாவின் ஊதியமற்ற குருதிக்கொடையை, அமெரிக்காவில் விலைக்கு வாங்கப்பட்ட குருதியோடு ஒப்பிட்டார். கொடுப்பவர் பெறுபவரை அறியாதிருத்தலே அவர் போற்றிய கொடையின் சிறப்பு. திண்ணனாருக்குக் காளத்தியார் அந்நியர் அல்லர். மலையில் துணையின்றித் தனித்திருக்கிறாரே என்று முதல் நாளே கலங்கியவர் அவர். பிரிய நேர்ந்தபோது கன்றை விட்டகலும் ஈன்றணிமைப் பசுவாக அவரைக் காட்டுகிறார் சேக்கிழார். தாய்மையின் உவமையை வேடனுக்குத் தந்தபின் அவன் செயலைத் தானம் என்பதும் தூரமாகவே ஒலிக்கிறது. குருதி நின்ற கணத்தில் தாம் எதையோ கொடுத்துவிட்டதாகத் திண்ணனார் எண்ணவில்லை. தமக்குத் தோன்றிய யோசனை நல்லதென்று மகிழ்ந்து, ஒற்றைக் கண்ணோடு சிரிக்கிறார்.