ஊமைச் சைரனும் அரைகுறைச் சோதனையும்

திருட்டு எச்சரிக்கைச் சைரன் ஒலிக்கவில்லையா? "சைரனைக் கழற்றிக் கம்பி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் கம்பி நன்று, சைரனை மாற்றுங்கள்" என்பார்கள். இந்த அறிவுரை பாதிதான் சரி. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். சைரனோ 1 ஆம்பியர் கூடக் கேட்கும். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

சிங்கம்புணரி, காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உரிமையாளர் வெளியூரில். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து முகப்புச் சைரன் 30 மீட்டர் தொலைவு எனக் கொள்வோம். போக, வரக் கம்பி 60 மீட்டர். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் மின்தடை சுமார் 5 ஓம். 1 ஆம்பியர் பாய்ந்தால், ஓம் விதிப்படி 5 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். சைரனுக்குக் கிட்டுவது 7 வோல்ட்! 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 1 வோல்ட்தான்.

மழையில் களிம்பேறிய இணைப்பும், பழைய பாட்டரியும் இப்படியே ஏமாற்றும்: சுமையின்றி 12 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் சரியும்.

ஆகவே சைரனை இணைத்து, இயக்கியபடியே அளவுங்கள். பாட்டரி முனைகளிலேயே சரிந்தால் குற்றம் பாட்டரியில். அங்கே நிலைத்து, சைரன் முனைகளில் சரிந்தால் குற்றம் இடைவழியில். இரண்டிலும் சரியாமல் ஒலி மட்டும் இல்லையெனில், அப்போது சைரனை மாற்றலாம்.

பூட்டிய வீட்டுக்கு அண்டை வீட்டார் காதே காவல். அவர்களிடம் சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.