ராபர்ட் புரூஸ் ஃபூட் வீட்டில் யார் இருந்தார்கள்?

ஏற்காடு பற்றி இணையத்தில் தமிழில் தேடினால் இரண்டு வகைப் பதிவுகள் கிடைக்கும். ஒன்று, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று போகும் குடும்பச் சுற்றுலாப் பதிவு. இன்னொன்று, இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் வாழ்ந்தார் என்று சொல்லும் வரலாற்றுப் பதிவு. முதல் வகையில் கணவன், மனைவி, பிள்ளைகள், வழியில் சாப்பிட்ட மிளகாய் பஜ்ஜி எல்லாம் இருக்கும், ஆராய்ச்சி இருக்காது. இரண்டாவதில் ஆராய்ச்சி இருக்கும், ஆனால் குடும்பம் இருக்காது. எனக்குப் பிரச்சினை இந்த இரண்டாவது வகையோடுதான். அதை ஆர்வத்தோடு படிக்கிறவன், அவ்வப்போது எழுதுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஃபூட் கதை பலருக்கும் தெரியும். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம். 1891-ல் ஓய்வு. அதற்குப் பிறகான காலத்தில் ஏற்காட்டில் வீடு. நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்த கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அது சரிங்க, இவரு வருஷத்துல பாதி நாள் கூடாரத்துல இருந்தா, அந்தம்மா எங்க இருந்தாங்க?"

அந்தம்மாவின் பெயர் எலைசா மெலிசா பெர்சிவல். 1862-ல் திருமணம், 1870-ல் மரணம். நம் பதிவுகளில் அவர் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு சொற்றொடரில்: "ஃபூட், பீட்டர் பெர்சிவலின் மருமகன்." கவனியுங்கள், ஒரு மாமனாரையும் ஒரு மருமகனையும் இணைக்கும் கோடாக மட்டும் அவர் இருக்கிறார், அந்தக் கோட்டுக்குப் பெயர்கூட இல்லை.

பெர்சிவல் யார் என்று தமிழ் வாசகர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். சென்னைக்கு வந்து 1855-ல் 'தினவர்த்தமானி' நடத்தியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-ல் வெளியிட்டவர். பழமொழி எங்கே பிறக்கிறது? அடுப்படியிலும் திண்ணையிலும் தண்ணீர்த்துறையிலும். அன்றாடப் பேச்சைச் சேகரித்த ஒரு வீட்டிலிருந்து, கல்லைச் சேகரித்த ஒரு வீட்டுக்கு வந்த பெண் எலைசா. அவருடைய அன்றாடம் மட்டும் நம் எழுத்தில் பதிவாகவில்லை.

இப்போது தேதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். 1862 திருமணம். 1863 பல்லாவரம், அத்திரம்பாக்கம். 1866-ல் அந்தக் கண்டுபிடிப்புகளைப் பற்றிய முக்கியமான கட்டுரை சென்னை ஆய்விதழில். 1870 எலைசா மரணம். அதாவது இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கி நிலைபெற்ற வருஷங்களும் இந்த மணவாழ்க்கையின் வருஷங்களும் ஏறக்குறைய ஒன்றே. இதை ஒரு பதிவிலும் ஒரு வரியாகக்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொரு கணக்கு. 1884-ல் கர்னூல் பக்கம் பில்லா சுர்கம் குகைகளை ஃபூட் ஆராய்ந்தார். அங்கே தொடர்ந்து தோண்டியது அவருடைய மகன், பீரங்கிப் படை லெப்டினன்ட் ஹென்றி ஃபூட். அடுத்த வருஷம் துறை வெளியீட்டில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே மகனின் பெயர் இருக்கிறது. 1870-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு 1884-ல் பதினாலு வயதுகூட ஆகியிருக்காது, படை அதிகாரியாக இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே அவர் எலைசாவின் மகன்தான். அப்பா, மகன், தாத்தா மூவருக்கும் ஆவணத்தில் இடம் இருக்கிறது. மூவருக்கும் நடுவில் இருந்தவருக்கு இல்லை.

ஃபூட்டின் அட்டவணை அவர் இறந்த பிறகு 1914-ல் வெளிவந்தது, விளக்கக் குறிப்புகள் 1916-ல். அட்டவணையாக அது அருமையான வேலை. ஒவ்வொரு கருவிக்கும் எண், இடம், விவரம். இன்றைக்கும் எழும்பூரில் இருக்கும் ஒரு கல்லை அதன் ஊரோடு சேர்த்துப் பார்க்க முடிகிறது என்றால் அந்த ஒழுங்குதான் காரணம். அட்டவணையில் வீட்டுக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். நான் குறை சொல்வது அட்டவணையை அல்ல, அட்டவணையையே வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்தை. எங்க ஆபீஸ் மொழியில் சொன்னால், லாக் ஃபைலைப் படித்துவிட்டு அதையே சிஸ்டம் என்று நினைக்கிற வேலை இது.

வேறு மாதிரியும் எழுதலாம் என்பதற்கு மெக்சிகோவைப் பார்க்கலாம். ஃபூட்டின் சமகாலத்தவர்கள் ஒரு தம்பதி: அகஸ்டஸ் லெ ப்ளோன்ஜியன், ஆலிஸ் டிக்சன். 1873-ல் யுகடான் போனார்கள். போனதும் மெரிடா நகரில் ஆலிஸுக்கு மஞ்சள் காய்ச்சல், கணவர்தான் பார்த்துக்கொண்டார். 1875-ல் சிச்சென் இட்சாவில் புகழ்பெற்ற சாக்மூல் சிலையைத் தோண்டி எடுத்தார்கள். இருவரும் சேர்ந்தே படம் எடுத்தார்கள், கழுவினார்கள். ஆலிஸ் நாட்குறிப்பு எழுதினார், பிறகு பயணக் கட்டுரைகளும். மாயா நாகரிகத்தையும் எகிப்தையும் முடிச்சுப் போட்ட அகஸ்டஸின் கோட்பாட்டை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் அந்தப் படங்கள் இன்றும் பயன்படுகின்றன, ஆலிஸின் நாட்குறிப்பு 2009-ல் நூலாகவே வந்தது.

அதற்கும் முன்னால், மெக்சிகோவுக்கு வந்த முதல் ஸ்பானியத் தூதரின் மனைவி ஃபேனி கால்டெரோன். இரண்டு வருஷ வாழ்க்கையைக் கடிதங்களாக எழுதி 1843-ல் வெளியிட்டார். வேலையாட்கள், உடை, திருவிழா, குதிரைப் பயணம், வழிப்பறி பயம் எல்லாம் அதில் உண்டு. மெக்சிகோ வெற்றியின் வரலாற்றை எழுதிய பிரெஸ்காட் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அந்த நிலம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தக் கடிதங்கள் அவருக்குக் கைகொடுத்தன.

ஆக, யுகடானில் கோட்பாடு போய் வீடு நின்றது. ஏற்காட்டில் ஆய்வு நின்று வீடு போய்விட்டது. இது வெறும் அனுதாபத்துக்காகச் சொல்வதில்லை. வீடு தெரியாவிட்டால் ஆய்வும் பாதிதான் தெரியும். கண்டுபிடிப்பு என்றால் அடர்ந்த காடு, தனி மனிதர், கூடாரம் என்று நாம் எழுதுகிறோம். பல்லாவரமோ சென்னையை ஒட்டிய ராணுவக் குடியிருப்பு. தேதியோ மே மாதக் கடைசி, குளிர்கால முகாம்கள் முடிந்திருக்கும் சமயம். நகரத்து வீட்டிலிருந்து காலையில் வண்டி கட்டிப் போய் மாலையில் திரும்பும் தூரம். அந்தக் கல் கிடைத்தபோது அவர் கல்யாணமாகி ஓரிரு வருஷம்கூட முடியாத மனிதர். "காட்டில் தனியாக அலைந்த மேதை" என்ற சித்திரத்தில் இது எதுவும் பொருந்தாது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மனைவியின் நாட்குறிப்பு கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றில்லை. சேர்வராயன் மலையில் மெருகேற்றிய கற்கோடரிகளைச் சிறு கோயில்களில் வைத்துக் கும்பிட்டவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். ஃபூட் எண் போடுவதற்கு முன்பே அவற்றைப் பொறுக்கி ஓரிடத்தில் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள். கூடாரத்தைச் சுமந்தவர், சமைத்தவர், வண்டியோட்டியவர் பெயர்கள் அட்டவணையிலும் இல்லை, துரைசானி எழுதியிருந்தால் அதிலும் அநேகமாக இருந்திருக்காது. ஃபேனியின் கடிதங்களில்கூட வேலையாட்கள் பெரும்பாலும் புகாராகவும் வேடிக்கையாகவும்தான் வருகிறார்கள். ஒரு வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் பின்கட்டு வரைக்கும் போய்க் கேட்க வேண்டும்.

ஃபூட் பற்றி அடுத்து எழுதப்போகும் நண்பர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். "பெர்சிவலின் மருமகன்" என்று எழுதும் இடத்தில் "எலைசா மெலிசா பெர்சிவலின் கணவர்" என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். 1862, 1870 இரண்டையும் காலவரிசையில் சேருங்கள். அந்த இரண்டு தேதிகள் உள்ளே வந்ததும் அடுத்த கேள்விகள் தானாக வரும்: பிள்ளைகளை யார் வளர்த்தார்கள், முகாமுக்கு யார் கூடப் போனார்கள், பொறுக்கி வந்த கற்களை வீட்டில் எங்கே வைத்தார்கள். தேவாலயப் பதிவேடுகளையும் பழைய கடிதங்களையும் தேடிப் போக அந்தக் கேள்விகள் போதும்.