முடிவு வராத கதை

பிறர் கதையை விமர்சிக்க உட்காருகிறவன் முதலில் தன் கதையைத் திரும்பப் படித்துப் பார்ப்பது நல்லது. இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வாசகி.

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சிறுகதை ஒன்றில் ஒரு கணவன் வருகிறான். மனைவியோடு இருக்கையில் அவன் உடம்பு இணங்குகிறது; ஆனால் உச்சத்தை எட்டுவதில்லை. நெடுநேரம் கழித்து, களைத்துப்போய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கொள்கிறான். அவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறது என்று கடைசி வரியில் தெரியவரும். உடம்பு இங்கே, உள்ளம் அங்கே என்ற இந்த முடிச்சைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்திருந்தேன். பாராட்டிச் சிலர் எழுதவும் செய்தார்கள்.

அந்த அம்மாளின் கடிதத்தில் பாராட்டு இல்லை. அவருடைய கணவர் மனச்சோர்வுக்காக மாத்திரை சாப்பிட்டு வந்தவர். சில வாரங்களில் உணர்ச்சி மழுங்கியது. உச்சம் தள்ளிப் போயிற்று. பிறகு வராமலே போயிற்று. இந்தச் சமயத்தில் என் கதை அம்மாள் கையில் கிடைத்திருக்கிறது. அவர் தம் வீட்டிலும் அந்த ‘வேறொருத்தி’யைத் தேட ஆரம்பித்தார். சண்டை முற்றியது. பழி தீர்ந்தால் போதுமென்று கணவர் ஒருநாள் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். பழைய சோர்வு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. பிறகு இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போனபோதுதான் காரணம் மாத்திரை என்று தெரிந்தது. “உங்கள் கதாநாயகன் என்ன மருந்து சாப்பிட்டான் என்று யோசித்தீர்களா?” என்று கடிதம் முடிந்திருந்தது.

நான் யோசிக்கவில்லை. எனக்கு முன்னால் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகச் சில புத்தகங்களை மறுபடி எடுத்தேன்.

வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் எதையும் கணக்கிட்டு வகைப்படுத்தும் நூல். இரண்டாம் அதிகரணத்தின் முதல் அத்தியாயத்தில் அவர் ஆண்களைக் கால அளவை வைத்தும் மூன்றாகப் பிரிக்கிறார்: விரைவில் முடிப்பவன், நடுத்தரம், நீடிப்பவன். நீடிப்பவனைப் பெண்கள் விரும்புவார்கள், விரைபவனை வெறுப்பார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. அதைவிடச் சுவாரஸ்யமானது அதே இடத்தில் நடக்கும் விவாதம். பெண்ணுக்கு வரும் இன்பம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றி ஔத்தாலகி ஒன்று சொல்கிறார். பாப்ரவியரின் வழிவந்தவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். நல்ல பட்டிமன்றம்தான். ஆனால் இரு கட்சியாரும் ஒன்றைக் கேள்வியே இல்லாமல் ஒப்புக் கொள்கிறார்கள்: ஆண் எப்படியும் முடித்துவிடுவான். பெண்ணின் முடிவைப் பற்றி அத்தனை பேச்சு; ஆணின் முடிவு நாளைக் காலைச் சூரியோதயம் போல நிச்சயம். நீடிப்பவன் முடிக்கவே முடியாமல் தவிப்பவனாகவும் இருக்கலாம் என்று அந்தச் சபையில் யாருக்கும் தோன்றவில்லை.

நம் ஊர் லாட்ஜுகளில் முகாம் போடும் வைத்தியர்களும் இந்த விஷயத்தில் வாத்ஸ்யாயனரின் சீடர்களே. அவர்கள் விளம்பரத்தில் எல்லா லேகியமும் நேரத்தைக் கூட்டுவதற்குத்தான். நேரம் கூடிப்போனதால் அழுகிறவன் அங்கே போனால், “உனக்கென்ன குறை?” என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

நாவலாசிரியர்களின் வழி வேறு. அவர்கள் குறையைப் பார்க்கிறார்கள், பார்த்ததும் ரகசியமாக்கிவிடுகிறார்கள். ஸ்டெந்தாலின் முதல் நாவல் ‘அர்மான்ஸ்’ 1827-ல் வெளிவந்தது. கதாநாயகன் ஆக்டேவுக்கு ஏதோ ஒரு பயங்கர ரகசியம். அது என்னவென்று நாவலில் எங்கும் சொல்லப்படவில்லை. அவனுக்கு ஆண்மையில்லை என்பதை ஆசிரியர் தம் நண்பர் மெரிமேக்கு 1826-ல் எழுதிய கடிதத்தில்தான் உடைத்துச் சொன்னார். ஆக்டேவ் காதலித்தவளையே மணக்கிறான். பிறகு கிரேக்க விடுதலைப் போருக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறி, நடுக்கடலில் விஷம் குடித்து இறக்கிறான். அவனுடைய குறை வேறு, என் பாத்திரத்தின் குறை வேறு. ஆனால் இருவருக்கும் ஆசிரியர்கள் செய்த அநியாயம் ஒன்றுதான். மனைவியிடம் ஒரு வார்த்தை பேச நாங்கள் அவர்களை விடவில்லை. ஸ்டெந்தாலாவது தம் பாத்திரத்தின் மேல் பரிவு வைத்திருந்தார். நான் துரோகப் பட்டம் கட்டினேன்.

பேச வைத்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். கதை எழுதுகிறவர்கள் அல்ல. செயின்ட் லூயி நகரில் ஆராய்ச்சி நடத்திய மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-ல் வெளியிட்ட நூலில், விரைவுக் கோளாறோடு வந்த ஆண்கள் 186 பேர். உச்சம் எட்டாதவர்கள் 17 பேரே. பின்னால் வந்தவர்கள் அவர்களுடைய வெற்றிக் கணக்கைச் சந்தேகித்ததுண்டு. இந்தக் கோளாறுக்குத் ‘திறனின்மை’ என்று பொருள்படும் பெயரை வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. இன்று ‘தாமதம்’ என்ற சாதுவான சொல்லே வழங்குகிறது. ஆனால் அவர்கள் இரண்டு நல்ல காரியங்கள் செய்தார்கள். நோயாளி ஆண் மட்டுமல்ல, தம்பதி என்று சொல்லி இருவரையும் எதிரே உட்கார வைத்தார்கள். இன்னொன்று, தன் படுக்கையறையில் தானே பார்வையாளனாகி, ‘வருமா, வராதா’ என்று வேவு பார்க்கிறவனைக் கண்டுபிடித்தார்கள். எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படக்கூடிய பாத்திரம் அது.

காரணங்களை இன்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். நாட்பட்ட சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்துத் தொடுவுணர்ச்சியைக் குறைக்கும். வயது ஏறினால் எவருக்கும் ஓரளவு மந்தம் வரும். மதுவும், தைராய்டுச் சுரப்பிக் குறைவும் காரணமாகலாம். தனிமையில் அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் பழகிய உடம்பு, இன்னொரு உடம்பின் மென்மைக்கு மசியாமல் போகலாம். ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் இதில் பெயர் பெற்றவை. வேடிக்கை என்னவென்றால், விரைபவர்களுக்கு இதே வகை மாத்திரைகளை இதற்காகவே கொடுக்கிறார்கள். ஒருவனுக்கு மருந்தாவது இன்னொருவனுக்கு நோயாகிறது.

ஒருநாள் தவறியதை நோயாக எண்ணிப் பயப்பட வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வகுத்த இலக்கணப்படி, ஆறு மாதமாவது, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும், விருப்பத்துக்கு மாறாக நடந்தால்தான் அதற்குப் பெயர் உண்டு. இதற்கென்றே தனி மருந்து கிடையாது. காரணத்தைத்தான் பார்க்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம். தனிமைப் பழக்கத்தை மெல்ல மாற்றலாம். கொஞ்ச நாள் முடிவையே நினைக்காமல் தொடுதலோடு நிறுத்திக் கொள்ளலாம். மாத்திரைதான் காரணமென்றால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ மருத்துவரால் முடியும். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது.

இதையெல்லாம் கதையில் எழுத முடியுமா, அது மருத்துவக் குறிப்பாகிவிடாதா என்று கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் கதை அங்கேதான் தொடங்குகிறது. துரோகம் சுலபமான முடிவு. எழுதுகிறவனுக்கு ஒரு வரியில் வேலை முடிந்துவிடும். தன்மேல் கோபமில்லாத, தன்னை விரும்பவும் செய்கிற ஒருவனின் உடம்பு ஏன் பதில் சொல்லவில்லை என்று தெரியாமல் விழித்திருக்கும் பெண்ணை எழுதுவது கஷ்டம். ‘குற்றம் உன்னிடம் இல்லை’ என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஆணை எழுதுவது அதைவிடக் கஷ்டம்.

அந்த அம்மாளுக்குப் பதில் எழுதினேன். கணவருக்கு மருந்தை மாற்றியிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை என்று இரண்டு வரி வந்தது. தொகுதியின் அடுத்த பதிப்பில் அந்தக் கதையின் கடைசி வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அவள் அவன் தோளைத் தொட்டு, “தூங்கவில்லையா?” என்று கேட்பதோடு கதை நிற்கிறது.