பத்தைத் தாண்டினால் சிக்கலா?

கணிப்பொறி நிரல் ஒன்று சிக்கலானதா, எளியதா என்பதை எண்ணால் சொல்ல முடியுமா? முடியும் என்றார் தாமஸ் மெக்கேப் என்னும் அமெரிக்கர். 1976 டிசம்பரில் ஐ.இ.இ.இ. அமைப்பின் மென்பொருள் பொறியியல் ஆய்விதழில் வெளிவந்த அவருடைய பதின்மூன்று பக்கக் கட்டுரையை இன்றும் நிரல் எழுதுவோர் பலர் அளவுகோலாகக் கொள்கின்றனர். இத்தனை ஆண்டு நிலைத்த கருத்தை ஒருமுறை உரசிப் பார்ப்பதில் தவறில்லை.

மெக்கேப்பின் கருவி புதியதன்று. மேல்நிலை வகுப்பில் கிர்க்காஃபின் மின்சுற்று விதிகளைப் படித்தவர்களுக்கு அது பழக்கமானதே. மின்சுற்று வலை ஒன்றில் தனித்த சுற்றுகள் எத்தனை? கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் விடை கிடைக்கும். நிரலையும் இவ்வாறே வலையாக வரையலாம். கட்டளைகள் சந்திகள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழிகள் கிளைகள். முடிவிலிருந்து தொடக்கத்திற்கு ஒரு கோடு இழுத்து வலையை மூடிவிட்டால் கிர்க்காஃபின் கணக்கு அப்படியே பொருந்தும். இந்த எண்ணை நாம் சுற்றெண் என்று அழைப்போம். படம் வரையாமலும் இதைக் கண்டுவிடலாம். வழி இரண்டாகப் பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். எங்கும் பிரியாத நிரலுக்குச் சுற்றெண் 1. மதிப்பெண் 35-க்குக் குறைவா என்று மட்டும் கேட்கும் நிரலுக்கு 2.

அழகான கணக்கு என்பதில் ஐயமில்லை. தகராறு அடுத்த படியில்தான் தொடங்குகிறது. ஒரு துணைநிரலின் சுற்றெண் 10-ஐத் தாண்டக்கூடாது என்றார் மெக்கேப். அந்தப் பத்தில் மந்திரம் ஏதுமில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். பின்வந்தவர்கள் அதை மறந்து, பத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

மாதத்தின் பெயரைக் கொடுத்தால் அதற்கு எத்தனை நாள் என்று சொல்லும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு வழிகளாகப் பிரித்து எழுதினால் சுற்றெண் 12. விதிப்படி இது 'சிக்கலானது'. பள்ளி மாணவனோ ஒரு பார்வையில் புரிந்துகொள்வான். (இத்தகைய பன்முகத் தேர்வுக்கு விலக்கு வேண்டும் என்று மெக்கேப்பே எழுதியிருக்கிறார்.) மாறாக, மாறிகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டு, ஒரே மாறியை மூன்று வேலைக்குப் பயன்படுத்தி ஐந்து வரியில் ஒரு நிரல் எழுதுங்கள். சுற்றெண் 2 தான் வரும். அடுத்த வாரம் எழுதியவருக்கே அது விளங்காது! பிரிட்டனைச் சேர்ந்த மார்ட்டின் ஷெப்பர்டு 1988-இல் இந்த அளவையைக் கடுமையாக ஆராய்ந்தார். பெரும்பாலும் இது வரிகளின் எண்ணிக்கைக்கு ஒரு பதிலியே என்றும், பல சமயங்களில் அந்த எளிய எண்ணிக்கையே இதைவிட நன்றாகப் பயன்படுகிறது என்றும் அவர் கண்டார்.

எண்ணைக் குறைப்பதற்காகவே நிரலை வெட்டுவது இன்னொரு கேடு. சுற்றெண் 16 உள்ள துணைநிரலில் பிரியும் இடங்கள் 15. அதை நான்காக வெட்டினால் அந்தப் 15 எங்கும் போய்விடுவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று கூடி மொத்தம் 19 ஆகிறது. துண்டுகள் தனித்தனியே தேர்ச்சி பெற்றுவிடும். படிப்பவரோ நான்கு இடங்களுக்கும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டும்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய பிழை இங்கு நினைவுக்கு வருகிறது. இணையத்தில் மறுமுனையில் இருப்பவர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் நிரலில், 'தோல்வி என்னும் பகுதிக்குத் தாவு' என்ற கட்டளை தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது கட்டளைக்கு நிபந்தனையே இல்லை. ஆகவே எப்போதும் தாவியது. கடைசிக் கையொப்பச் சோதனை நடக்காமலே 'எல்லாம் சரி' என்ற விடை வந்தது. அந்தக் கூடுதல் வரியால் பிரியும் இடங்களின் எண்ணிக்கை ஒன்றுகூட உயரவில்லை. சுற்றெண் அங்கே ஊமை.

அப்படியானால் நிரலை எப்போது சீரமைப்பது? வெளிச் செயல் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் திருத்துவதே சீரமைப்பு. மார்ட்டின் ஃபௌலர் 1999-இல் வெளியிட்ட 'ரீஃபாக்டரிங்' நூலில், கென்ட் பெக்குடன் சேர்ந்து எழுதிய அத்தியாயத்தில் எண் ஏதும் தர மறுக்கிறார். அனுபவசாலியின் உள்ளுணர்வே சிறந்தது என்கிறார். அனுபவம் உள்ளவர்களுக்குச் சரி. முதலாண்டு மாணவர் எங்கே போவார்? அதே நூலில் உள்ள வேறொரு யோசனை எனக்கு உகந்ததாகப் படுகிறது: ஒரே மாதிரி வேலையை மூன்றாம் முறை செய்ய நேர்ந்தால் அப்போது சீரமைக்கலாம். இது நிரலின் உருவத்தைப் பாராமல் நம் வேலையைப் பார்க்கும் விதி. சுற்றெண் 30 ஆனாலும், பல ஆண்டுகளாகப் பிழையின்றி ஓடி, யாரும் தொடத் தேவையில்லாத நிரலை வீணே கலைப்பானேன்? மாதந்தோறும் மாற்ற வேண்டியிருக்கும் நிரலின் சுற்றெண் 8 ஆக இருந்தாலும் அதுவே முதலில் கவனிக்கத் தக்கது.

மெக்கேப்பின் எண்ணைக் குப்பையில் போட வேண்டியதில்லை. அவர் கட்டுரையின் பிற்பகுதி சோதனை முறையைப் பற்றியது. மேற்கோள் காட்டுவோர் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில் அதுவே கட்டுரையின் உயிர்ப்பகுதி. சுற்றெண் 8 என்றால், ஒன்றுக்கொன்று சாராத 8 வழிகளையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார். சீரமைப்பில் கைவைக்கும் முன் அந்த எட்டுச் சோதனைகளையும் எழுதி விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய பின் அவற்றை மீண்டும் ஓட்டி, பழைய விடைகளே வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.