வீட்டு நஞ்சும் விதிநூலும்

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி கைதவறி உடைகிறது. பாதரசம் முத்து முத்தாகத் தரையில் ஓடுகிறது. துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. துடைப்பம் துளிகளை மேலும் சிதறச் செய்கிறது. பரப்பு கூடுவதால் அவை விரைந்து ஆவியாகின்றன. அந்த ஆவி நரம்புகளைத் தாக்கும் நஞ்சாகும்.

இத்தகைய பொருள்களை 'வீட்டு அபாயக் கழிவு' என்று தனியே வகைப்படுத்தின, இந்திய அரசு 2016-இல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள். பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, குழல்விளக்கு, காலாவதியான மருந்து, பழைய பாட்டரி, ஊசி ஆகியவை அப்பட்டியலில் இடம் பெற்றன. மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் இவற்றைக் கலக்காமல் மூன்றாவது பிரிவாக வைக்கச் சொன்னது பாராட்டத்தக்கதே.

அவ்விதிகள் நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் அமைக்கவும் கூறின. சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 426 சதுர கி.மீ. பரப்புள்ள சென்னை மாநகராட்சிக்கு 22 மையங்கள் வேண்டும். 20 சதுர கி.மீ. பகுதியை ஒரு வட்டமாகவும், மையம் அதன் நடுவில் இருப்பதாகவும் கொண்டால்கூட, விளிம்பில் வசிப்பவர் சுமார் 2.5 கி.மீ. செல்ல வேண்டும். ஒரேயொரு பாட்டரிக்காக அவ்வளவு தூரம் செல்பவர் எத்தனை பேர்?

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. சானிட்டரி நாப்கினை நன்கு பொதிந்து தரவேண்டும் என்று வீட்டாருக்குக் கட்டளையிட்ட விதி, ஊசியை எப்படிப் பொதிவது என்று சொல்லவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்வோர் வீடுகளில் ஊசிகள் நாள்தோறும் சேர்கின்றன. மெல்லிய பையில் போட்ட ஊசி துப்புரவுத் தொழிலாளியின் விரலில் குத்தும். மஞ்சட்காமாலையை உண்டாக்கும் 'ஹெபடைட்டிஸ் பி' வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. நம் வீட்டில் நீங்கிய ஆபத்து அவர் வீட்டிற்குப் போகிறது!

விதி சொல்லாததை நாம் செய்யலாம். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் இட்டு, மூடியை இறுக்கி, 'ஊசி' என்று எழுதி ஒட்டித் தனியே கொடுக்கலாம். பாதரசம் சிந்தினால் சன்னல்களைத் திறந்துவிட்டு, துளிகளைத் தடித்த அட்டையால் ஒன்றுசேர்த்துக் கண்ணாடிப் புட்டியில் மூடி வைக்கலாம். ஆனால் அந்தப் புட்டிகளை வீடு தேடி வந்து பெறுவது உள்ளாட்சியின் கடமை. விதி எழுதுவோர் வீட்டு வாசலோடு நின்றுவிடாமல், குப்பையை அள்ளும் கைகளையும் நினைத்து எழுதவேண்டும்.