இலையுதிர் காலமும் ஓலைக் காற்றாடியும்

நம் புதுக்கவிதைகளில் இலை உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உதிர்ந்த இலை என்றால் பிரிவு, முதுமை, மரணம். இந்த அர்த்தங்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழ் வகுத்த ஆறு பருவங்களில் இலையுதிர் காலம் இல்லை. அது மொழிபெயர்ப்பில் வந்த பருவம்.

குளத்தூர்க் கரிசலில் ஐப்பசி, விதைத்த உளுந்தும் கம்பும் முளைத்து நிற்கும் மாதம். மேப்பிள் மரங்கள் இலை கொட்டும் அதே அக்டோபரில் இங்கே வடகிழக்குப் பருவமழையை நம்பி நிலம் பச்சையாகிறது. வேம்பு மாசியில் உதிர்க்கிறது. உதிர்த்த கையோடு செந்தளிர் விட்டு, சித்திரையில் பூத்தும் விடுகிறது. துக்கம் கொண்டாட அது அவகாசம் தருவதில்லை.

இங்கே இலையை வைத்துச் செய்த பொருள்களையும் பார்க்க வேண்டும். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி. பனையோலையைக் கிழித்து மடித்து, உடைமுள்ளில் குத்தி, ஆடிக் காற்றுக்குக் காற்றாடி. பதநீர் குடிக்கப் பட்டை. திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. காய்ந்து விழுந்த காவோலை அடுப்புக்கும் வேலிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஒரு வேலை. இலை எதற்கும் குறியீடாக நிற்கவில்லை.

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் சுவரில் பழுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய மேப்பிள் இலைகளைப் பார்த்தேன். வெளியே வேம்பு நின்றது. நான் சொல்லும் கவிதைகள் அந்தச் சுவரைச் சேர்ந்தவை. காற்று அவற்றைத் தொடுவதில்லை.

மண்வாசனைச் சான்றிதழ் கேட்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கரிசல் வழக்குச் சொற்களுக்கு கி. ராஜநாராயணன் 1982இல் அகராதி கொண்டுவந்தார். அதிலிருந்து நாலு சொல்லைப் பொறுக்கி வரிகளில் பதித்தால் அதுவும் ஒட்டுவேலைதான். மாறாக, டொரொன்டோவின் குளிரில் வாழ்ந்து எழுதும் ஈழத்தமிழன் கவிதையில் இலையுதிர் காலம் மெய்யாகவே இருக்கலாம்.

படிமம் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்ற பழமொழியிலும் விழுந்த இலை இருக்கிறது, முதுமை இருக்கிறது. சோகம் பூசப்படவில்லை. சிரிக்கிற குருத்தும் ஒருநாள் காவோலையாகும் என்பதைச் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது அதன் வலு.

சுழலாத காற்றாடியை அழகாயிருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் வைத்துக்கொள்வதில்லை. முள்ளை மாற்றிக் குத்திப் பார்க்கும். அப்படியும் சுழலாவிட்டால் எறிந்துவிடும். நம் கவிதைகளிடம் நமக்கு அந்தக் கறார் வேண்டும்.